லிடியா பாவ்லொவ்னாவின் ஒன்பது கறுப்புத் தட்டங்கள்

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குச் சற்று முன்பு, அச்சகத்தில் ஒரு பூப்புனித நீராட்டு விழா அட்டைக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெர்தொனே தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குணம் தொலைபேசியில் வந்தான். வழக்கமாக முதலில் என் சுகத்தையும் பிறகு ஊர்ப் புதினத்தையும் விசாரிப்பவன், அன்று நேராக விஷயத்துக்கு வந்தான்.

“மாஸ்டர், உங்கட கட்டடத்து ரஷ்ய மனிசி மோசம் போயிட்டாவாம். ஆஸ்பத்திரியில. கட்டடம் பாக்கிற போர்த்துக்கீஸ் மனிசி இப்பதான் வந்து சொல்லிப்போட்டுப் போறா.”

நான் மெய்ப்புத் தாளில் பேனையை வைத்தேன். ஆள் யாரென்று எனக்குப் பிடிபடவில்லை என்று நினைத்தானாக்கும். விளக்கம் சொன்னான்.

“அதுதான் மாஸ்டர், கலியாணத்துக்குக் கறுத்தத் தட்டம் கீறின மனிசி.”

பாரிசில் எங்கள் சனம் கடை வைத்திருக்கும் லாச்சப்பலில் அவரை அறிந்த முக்கால்வாசிப் பேருக்கு அவர் அந்தப் பெயரால்தான் தெரிந்தவர். எங்கள் வழமை விளங்காமல் நல்ல காரியத்துக்குக் கறுப்புத் தட்டம் செய்து கொடுத்த வெள்ளைக்காரி. ஆறு வருடமாக இந்தக் கதை சாப்பாட்டுக் கடைகளிலும் தலைமயிர் வெட்டும் கடைகளிலும் பகிடியாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதை பிழை. அன்றுவரை அது பிழை என்று தெரிந்திருந்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் செவ்வாய்க்கிழமை காலை போய்விட்டார். மற்றவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் என் கட்டுரைகளை வாலும் தலையும் இல்லாமல் போடுவதில் வல்லவர். அதற்காக அவரோடு இரண்டு வருடம் கதைக்காமல் இருந்திருக்கிறேன். இம்முறை, முழுதாகப் போடுகிறேன், எழுதும் என்றார். அவருக்கு நன்றி. வெட்டினால் அதையும் மறக்கமாட்டேன்.

லிடியா பாவ்லொவ்னா மாஸ்கோவுக்கு வடக்கே ஜோஸ்தவோ என்னும் ஊரைச் சேர்ந்தவர். அந்த ஊரார் இரும்புத் தகட்டில் தட்டம் செய்து, அதற்குக் கறுப்பு மெருகு பூசி, அதன்மேல் பூக்கள் வரைவார்கள். தலைமுறை தலைமுறையாக வரைகிறார்கள், இன்றும் வரைகிறார்கள். இவருடைய தாயும் அதே வேலைதான். பதினைந்து வயதில் தூரிகை பிடித்தவர், ஐம்பதாவது வயதில் பாரிசில் நடந்த ஒரு கைப்பணிக் கண்காட்சிக்கு வந்தார், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க வரைந்து காட்டுவதற்காக. கண்காட்சி முடிந்து மற்றவர்கள் விமானம் ஏறினார்கள். இவர் ஏறவில்லை. கணவர் முன்பே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஏன் திரும்பிப் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். “அங்கே வீட்டில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. இங்கேயும் இல்லை. ஆனால் இங்கே குளிர் குறைவு” என்றார். பிறகு எங்கள் எல்லாரையும் போலத்தான்: அலுவலகங்கள் துப்பரவாக்கும் வேலை, குடிவரவு அலுவல் பார்க்கும் பிரெபெக்சர் வாசலில் வரிசை, வதிவிடப் பேப்பருக்காக எட்டு வருட அலைச்சல். பிலிப்-து-ஜிரார் தெருவில் நான் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் கட்டடத்தின் உள்முற்றத்தில், நிலத்தோடு ஒட்டிய ஒற்றை அறை அவருடையது.

அவரோடு முதன்முதல் கதைத்தது குணத்தின் கடையில். பதினைந்து வருடத்துக்கு மேலிருக்கும். நான் உள்ளே போனபோது, கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் எவர்சில்வர் தட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, விரல் நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டுவிட்டு வைத்துக்கொண்டிருந்தார். குணம் என்னைக் கண்டதும் கும்பிடாத குறை.

“மாஸ்டர், உங்களுக்குத்தானே பிரெஞ்சு ஓடும், இவவுக்கு என்ன வேணுமெண்டு ஒருக்காக் கேளுங்கோ. அரை மணித்தியாலமாத் தட்டித் தட்டிப் பாக்கிறா, வத்தகப்பழம் வாங்க வந்த மாதிரி.”

கேட்டேன். எவர்சில்வரில் வர்ணம் பிடிக்காது என்றார். “இது கண்ணாடி மாதிரி. தன்னைப் பார்க்கிறவரின் முகத்தைக் காட்டும், வேறெதையும் பிடித்துவைக்காது.” குணத்தின் கடைப் பின்னறையில் பழைய இரும்புத் தட்டங்கள் ஒரு டசின் விலைபோகாமல் கிடந்தன, விளிம்பில் துருவேறி. அவற்றைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. துருப்பிடித்த சாமானைச் சிரித்துக்கொண்டு வாங்கிப்போன ஒரே ஆள் இவர்தான் என்று குணம் இன்றும் சொல்வான்.

அடுத்த நாள் படிக்கட்டில் கண்டு என் பெயரைக் கேட்டார். சொன்னேன். பிறகு தகப்பன் பெயரைக் கேட்டார். சபாரத்தினம் என்றேன். ரஷ்யாவில் மரியாதைக்குரிய ஒருவரைத் தகப்பன் பெயர் சேர்த்துத்தான் அழைப்பார்களாம். அன்றிலிருந்து நான் அவருக்குச் ‘சபாரத்தினோவிச்’. பத்து வருடம் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்து, இங்கே வந்து உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு அச்சகமொன்றில் மற்றவர்களின் கல்யாண அட்டைகளுக்கு எழுத்துப் பிழை பார்க்கும் ஒருவனை இந்த நகரத்தில் வேறு யாரும் மரியாதைக்குரியவன் என்று கருதியதாக எனக்கு நினைவில்லை. என் அப்பாவின் பெயரை முற்றத்திலிருந்து ஒருவர் உரத்துக் கூப்பிடுவதைக் கேட்பதற்காகவே ஜன்னலைத் திறந்துவைத்த நாட்கள் உண்டு.

அவர் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தட்டத்தை மடியில், முழங்காலில் சாய்த்து வைத்துக்கொள்வார். இடக்கை தட்டத்தின் அடியில் இருக்கும். வலக்கையிலுள்ள தூரிகை அதிகம் அசையாது. இடக்கைதான் தட்டத்தைச் சுழற்றிச் சுழற்றிக் கொண்டுவந்து தூரிகையிடம் கொடுக்கும். இதழின் வளைவு அப்படித்தான் வரும். முன்னால் படமும் இல்லை, பூவும் இல்லை, பென்சில் கோடும் இல்லை. முதல் நாள் மங்கலான, வெளிறிய திட்டுகள் மட்டும். அதைக் காயவைப்பதற்கு, ஒரு பீட்சாக் கடை தெருவில் எறிந்த மின்னடுப்பு வைத்திருந்தார். காய்ந்தபின் நிழல், பிறகு உடல், பிறகு வெளிச்சம், அதன்பின் மயிரிழைக் கோடுகள். எல்லாம் முடிந்த பிறகு, பூக்களுக்கும் கறுப்புக்கும் நடுவே மெல்லிய புற்களும் சிறு தண்டுகளும் வரைவார். அந்தக் கடைசி வேலைக்கு அவர்கள் ஊரில் ‘கட்டுதல்’ என்று பெயராம். “கட்டாவிட்டால் பூ தட்டத்தின்மேல் சும்மா கிடக்கும், யாரோ போட்டுவிட்டுப் போனதுபோல” என்பார். இது என்ன பூ என்று ஒருமுறை கேட்டேன். ரோசாவும் இல்லை, டேலியாவும் இல்லை, எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை. “உங்களுக்கு அதன் பெயர் தெரிந்திருந்தால் நான் அதைப் பார்த்து வரைந்தேன் என்று அர்த்தம்” என்றார்.

நாங்கள் இருவரும் கதைத்தது பிரெஞ்சில். இருவருடைய பிரெஞ்சும் உடைந்தது, ஆனால் வெவ்வேறு இடங்களில் உடைந்தது. அதனால் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பிக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவருடைய அறையில் ஆளிவிதை எண்ணெய் மணக்க உட்கார்ந்து, எனக்கு இந்தச் சமூகம் செய்த அநியாயங்களையெல்லாம் சொல்வேன். மேலே குறிப்பிட்ட ஆசிரியருக்கு நான் எழுதிய ஒரு நீண்ட கடிதத்தைப் பிரெஞ்சில் சொல்லிக் காட்டியதும் அங்கேதான். முழுவதையும் கேட்டார். தூரிகை நிற்கவில்லை.

“நல்ல கடிதம். ஆனால் ஈரமாக இருக்கிறது. மூன்று நாள் அடுப்பில் வைத்து எடுங்கள். அதற்குப் பிறகும் வெடிக்காமல் இருந்தால் அனுப்புங்கள்.”

மூன்று நாள் வைத்திருந்தேன். நாலாம் நாள் ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்பினேன். அதையும் அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன் அவருடைய கண் பழுதுபடத் தொடங்கியது. பார்வையின் நடுவில் ஒரு புகைத்திட்டு, ஓரங்கள் மட்டும் தெளிவு. ஊசிகள் போட்டார்கள். அதன் வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கோழி பார்ப்பதுபோலப் பார்த்து வரையப் பழகினார். பெரிய பூக்கள் இன்னும் சில வருடம் வரும், மயிரிழைக் கோடுகள் ஓரிரண்டு குளிர்காலத்துக்குத்தான் வரும் என்று அவரே கணித்துவைத்திருந்தார். அந்த நேரத்தில்தான் எங்கள் சனம் அவரிடம் தட்டம் கேட்க ஆரம்பித்தது. குணத்தின் கடை ஜன்னலில் அவருடைய சிவப்புத் தட்டம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து மூன்று குடும்பங்கள் விசாரித்தன. நாலாவதாக வந்தவர் என் அக்கா.

அக்காவின் மகளுக்கு, என் மருமகளுக்கு, மாசி மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அழைக்கப் பெண்கள் ஏந்திப் போகும் தட்டங்கள் எங்கள் வழக்கப்படி ஒற்றைப்பட இருக்கவேண்டும். அக்கா ஒன்பது கேட்டார். குணத்தின் கடையில் இருக்கும் தட்டம்போல, ஆனால் இன்னும் வடிவாக. நிறத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு என்று சொன்னால் போதும், மிச்சத்தைத் தம்பி விளங்கப்படுத்துவான் என்று விட்டுவிட்டார். பாரிசில் லிடியா பாவ்லொவ்னாவுக்கு ஒருவர் வாசலுக்கு வந்து, பெயர் சொல்லி, ஒரு நல்ல நாளுக்காகக் கேட்ட முதல் வேலை அது. கோடு வரையக் கண் விடும் கடைசிக் குளிர்காலமாகவும் அது இருக்கலாம். இரண்டும் எனக்குத் தெரியும்.

அதே கிழமை அத்தான் கல்யாண அட்டையின் விபரங்களை எங்கள் அச்சகத்துக்கு அனுப்பியிருந்தார். அத்தானுக்கும் எனக்கும் நாலு வருடமாகப் பேச்சில்லை. அவர் தலைவராக இருந்த மன்றம் யாருக்கெல்லாம் பொன்னாடை போர்த்துகிறது, ஏன் போர்த்துகிறது என்று நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அட்டையில் மாமன்மார் என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர்கள் இருந்தன. அக்காவின் ஒரே உடன்பிறப்பான என் பெயர் அதில் இல்லை. அந்த அட்டையை எழுத்துக்கோத்தவன் நான். மெய்ப்புப் பார்த்தவனும் நான். பிழை எதுவும் இல்லை என்று கையெழுத்திட்டு அச்சுக்கு விட்டேன்.

அன்று பின்னேரம் முற்றத்தில் லிடியா பாவ்லொவ்னா குந்தியிருந்து தட்டமொன்றை அரத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

“சபாரத்தினோவிச், எங்கள் ஊரில் சிவப்பைச் சந்தைக்குச் செய்வோம். வீட்டுக்கு, கல்யாணத்துக்கு என்றால் கறுப்பு. மற்ற நிறங்களில் பூ ஒட்டிக்கொண்டிருக்கும், கறுப்பில் உள்ளேயிருந்து எழும்பி வரும். கறுப்பில் செய்யத்தான் எனக்கு ஆசை. உங்கள் ஆட்களின் கல்யாணத்தில் கறுப்புக்கு ஏதும் தடை உண்டா?”

“இல்லை” என்றேன்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது, ஒன்பது கறுப்புத் தட்டங்களின் முன்னால் அத்தானின் முகம் எப்படி இருக்கும் என்பதை மட்டும்தான் பார்த்தேன்.

மூன்று மாதம் வேலை நடந்தது. எந்தத் தட்டத்தில் எது வைப்பீர்கள் என்று கேட்டார். தேங்காய், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, பலகாரம், சேலை என்று சொன்னேன். தேங்காய் வைக்கும் தட்டத்தில் நடுவைக் கறுப்பாகவே விட்டு விளிம்பைச் சுற்றி மாலைபோல வரைந்தார், தேங்காய் மறைக்காதபடி. கற்கண்டுத் தட்டத்தில் மட்டும் நடுவில் ஒரு பெரிய வெள்ளைப் பூ. கற்கண்டை எடுக்க எடுக்க அது வெளியே வருமாம். ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லியிருக்கலாம். கழுத்து நோக, முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு அவர் கடைசிப் புற்களை வரைந்த நாளில்கூடச் சொல்லியிருக்கலாம். தேநீர் குடித்துவிட்டு மேலே போனேன்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்க அக்காவும் அத்தானும் மருமகளும் தட்டங்களை எடுத்துப்போக வந்தார்கள். லிடியா பாவ்லொவ்னா கட்டிலில் வெள்ளை விரிப்புப் போட்டு, ஒன்பதையும் அதன்மேல் வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இதென்ன தம்பி, கறுப்பு?”

அத்தான் அறைக்குள் வரவேயில்லை. “நல்ல காரியத்துக்கு ஆராவது கறுப்பில தட்டம் ஏந்துவினமோ? கலியாண வீட்டுக்கோ செத்தவீட்டுக்கோ கொண்டு போறது?” என்று முற்றத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீர் இவவுக்குச் சொல்லேல்லையோ?”

நாலு வருடத்தில் அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதற்கேள்வி. அதற்காகத்தான் மூன்று மாதம் காத்திருந்தேன். ஆனால் என் கண் அக்காவின் முகத்தில் போய் நின்றுவிட்டது. அக்காவின் முகத்தை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

என்ன நடக்கிறது என்று லிடியா பாவ்லொவ்னா பிரெஞ்சில் கேட்டார். நான் தட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருமகள்தான், இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, தயங்கித் தயங்கிப் பிரெஞ்சில் சொன்னாள்: தட்டங்கள் மிகவும் அழகாக இருக்கின்றன, ஆனால் எங்களுக்குக் கறுப்பு என்பது சாவுக்குரிய நிறம், கல்யாணத்தில் ஆகாது.

லிடியா பாவ்லொவ்னா தலையைப் பக்கவாட்டில் திருப்பி என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம். பிறகு மருமகளிடம் சொன்னார்:

“உன் மாமா சிவப்பு என்றுதான் சொன்னார். நான் கிழவி, பிடிவாதக்காரி. எங்கள் ஊர் வழக்கப்படி செய்துவிட்டேன். பிழை என்னுடையது.”

மருமகள் அதைத் தன் தமிழில் தாய்க்குச் சொன்னாள். “மாமா ரூஜ் எண்டுதான் சொன்னவராம், அம்மா. அவதான் கேக்கேல்லையாம்.”

அக்கா பெருமூச்சு விட்டு என் தோளைப் பிடித்தார். “நான் பயந்துபோனன் தம்பி. அட்டை விஷயத்தில நீ வேணுமெண்டு...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

மறுபடி செய்ய நாள் இல்லை. அக்கா வழி ஒன்று கண்டுபிடித்தார். சிவப்புப் பட்டுத்துணி வாங்கி, ஒவ்வொரு தட்டத்தையும் விளிம்போடு மூடித் தைத்து, அதன்மேல் பொருட்களை வைத்தார்கள். லிடியா பாவ்லொவ்னா கல்யாணத்துக்கு வந்தார். மூன்றாம் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது பெண்கள் ஒன்பது சிவப்புத் தட்டங்களை ஏந்தி எங்களைக் கடந்து போனார்கள். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். கற்கண்டுத் தட்டம் எது என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். சாப்பாட்டு மேசையில் யாரோ, “இவதானோ அந்தக் கறுத்தத் தட்டம்? செத்தவீட்டு ஓடரும் எடுப்பாவோ எண்டு கேளுங்கோ” என்று சொல்ல, மேசை சிரித்தது. என்ன சொல்கிறார்கள் என்று அவர் கேட்டார். சாப்பாடு நல்லாயிருக்கிறதாம் என்றேன். நானும் சிரித்திருந்தேன்.

அடுத்த மாதத்துக்குள், முன்பு தட்டம் விசாரித்த மூன்று குடும்பங்களும், பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டன. அதன்பின் எங்கள் ஆட்களில் ஒருவரும் அவரிடம் தட்டம் கேட்கவில்லை. குணம்கூடக் கடை ஜன்னலிலிருந்து அந்தச் சிவப்புத் தட்டத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஞாயிறு நான் கீழே போகவில்லை. மதியம் கதவு தட்டுப்பட்டது. மூட்டு வலியோடு மூன்று மாடி ஏறி, துணியால் சுற்றிய ஒரு சட்டியோடு நின்றார். பீட்ரூட் சூப். மேசையில் வைத்து, தானே கோப்பை தேடி எடுத்து, ஊற்றி, என் முன்னால் தள்ளினார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“உங்கள் அக்கா உங்களைப் பார்த்ததைக் கண்டேன். அவர் உங்களிடம் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார். அது உடைந்துபோக நான் காரணமாக இருக்க விரும்பவில்லை.”

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

“நான் கோபமாகத்தான் இருக்கிறேன், சபாரத்தினோவிச். நெடுநாள் கோபமாக இருப்பேன். சூப் ஆறுகிறது, குடியுங்கள்.”

சொன்னபடியே நெடுநாள் கோபமாக இருந்தார். அந்த நாட்களில் ஒருமுறைகூட ஞாயிற்றுத் தேநீரை நிறுத்தவில்லை. இது எப்படிச் சாத்தியம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. என்னுடைய கோபங்கள் எல்லாம் கதவை மூடிக்கொண்டு செய்யப்பட்டவை.

மூன்று கிழமைக்கு முன் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடைசியாகப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை, நடந்ததை எல்லாருக்கும் சொல்லப்போகிறேன் என்றேன். அவருக்குப் பார்வை அநேகமாகப் போயிருந்தது. குரல் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“இப்போது சொல்வது உங்களுக்கு இலகு. நான் நடமாடிய காலத்தில் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் நாலு தட்டம் கிடைத்திருக்கும்.” போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, “என்றாலும் சொல்லுங்கள். உங்கள் அக்காவிடம் முதலில்” என்றார்.

அதைக்கூட உடனே செய்யவில்லை. குணத்தின் தொலைபேசி வந்த பிறகுதான் அக்காவுக்கு எடுத்தேன். அட்டையிலிருந்து தொடங்கி, முற்றத்தில் அவர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அக்கா சொன்னார்:

“ஆறு வருசமா நான் அந்த மனிசியைப் பற்றி எத்தினை பேருக்குப் பகிடி சொல்லியிருப்பன். நீ பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டு இருந்தனி.”

தொலைபேசியை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். சிறிய ரஷ்யத் தேவாலயம். துப்பரவு வேலைக் காலத்து நண்பிகள் நாலு பேர், போர்த்துக்கீசப் பெண், குணம், நான். பெட்டி திறந்திருந்தது, அவர்கள் முறை அப்படி. ஒவ்வொருவராகப் போய் நெற்றியில் முத்தமிட்டார்கள். பாட்டு நடுவில் இருக்கும்போது அக்கா வந்தார். என்னருகில் வரவில்லை, எதிர்ப்பக்கம் போய் நின்றார். முறை வந்தபோது பெட்டியின் தலைமாட்டுக்குப் போகாமல் கால்மாட்டுக்குப் போய், இரண்டு கையாலும் பாதங்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். ரஷ்யப் பெண்கள் வியப்போடு பார்த்தார்கள். பிறகு, தமிழ் தெரியாத அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“உங்களைப் பிழையாச் சொல்லிப்போட்டன், அம்மா.”

என்னோடு ஒரு சொல் கதைக்காமல் போனார். இன்றுவரை கதைக்கவில்லை. அத்தான் இதை வாசிப்பார். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சொல்லட்டும். இம்முறை நியாயம் அவர் பக்கம்.

லிடியா பாவ்லொவ்னாவை அறிந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கறுப்புத் தட்டக் கதையை இனிச் சொல்வதானால் சரியாகச் சொல்லுங்கள். லிடியா பாவ்லொவ்னாவுக்கு எங்கள் வழமை தெரிந்திருக்கவில்லை. தெரியாது என்பதை அறிந்து, தெரிந்த ஒருவனிடம் கேட்டார். தடை இல்லை என்று சொன்னவன் நான்.

அவர் வரைந்த தட்டம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கேட்கும் தைரியம் எனக்கு வந்ததில்லை, அவரும் தரவில்லை. எனக்குத் தீங்கு செய்தவர்களின் பெயர்ப் பட்டியலொன்றை முப்பது வருடமாக மனதில் வைத்திருக்கிறேன், நாளும் கிழமையும் உட்பட. நான் தீங்கு செய்தவர்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கலாம் என்பது அந்த மூன்று மாடி ஏறி ஒருவர் வந்து நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. அதில் முதற்பெயர் அவருடையது. இரண்டாவது அக்காவுடையது. அதற்கப்பால் எழுதத் தொடங்கியிருக்கிறேன், சுருக்கமாக முடியும் போலில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தப் பட்டியல்தான். அதை நன்றியோடு வைத்துக்கொள்கிறேன்.